மூன்றாம் சுருள்

பெட்டிக்குள் ஒரு தாள் வந்திருந்தது:
தந்தை வாசிக்கும்போது ஏதாவது கம்பீரமாக,
மகன் வாசிக்கும்போது ஏதாவது இளமையாக.
அவ்வளவுதான்.
இருவரும் மேதைகள் என்று படம் சொல்லிவிடும்;
அந்த மேதைமை எப்படி ஒலிக்கும் என்பது
என் பாடு.
காட்சிக்கு எட்டு கொருனா.
அடுப்பு அந்தக் கோடியில், பியானோ இந்தக் கோடியில்.
மேலே ஒரு கட்டை, அழுத்தினால் எழாது,
நகத்தால் நெம்ப வேண்டும்.

ஒலமோட்ஸ், பிப்ரவரி.
கோட்டைக் கழற்றாத நூற்றைம்பது பேர்.
திரையில் கோர்பினியன் மேசையைக் குத்துகிறார்:
இந்த வீட்டுக்கு ஒரு இசையமைப்பாளன் போதும்.
எழுத்து அட்டை அரை நிமிடம் நிற்கிறது,
எங்கள் ஊர் மெதுவாகத்தான் படிக்கும்.
பியானோவைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுகிறார்.
லோரென்ஸ் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வாசிக்கிறான்,
ரொட்டித் துணுக்குகள் துள்ளுகின்றன.
இதற்கு நான் என்ன வாசிப்பது?
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
எந்திரத்தின் கறகறப்பு மட்டும்.
யாரோ இருமலை விழுங்கியது கேட்டது.

அதற்குப் பிறகுதான் வினை.
படம் ஓட்டும் வாவ்ராவுக்குப் பல்வலி,
இரண்டாம் சுருள் இருக்க மூன்றாவதை மாட்டிவிட்டான்.
எனக்கோ விரல்கள் விறைத்துவிட்டன.
இரண்டு மேதைகளுக்கும் ஒரே மெட்டைக் கொடுத்தேன்,
வாற்கோதுமை ஆலையில் மூட்டை எண்ணும் பகல்களில்
முனகி முனகி நானே கட்டியதை.
மகனுக்கு விரட்டி. அப்பனுக்கு நிறுத்தி.

ஆக, அன்றிரவு நடந்தது இது:
கறிக்கடைத் தாளின் பின்புறம் மகன் எழுதினான்,
சாராயக்கடையில் வாசித்தான், தொப்பிகள் பறந்தன.
பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில், தனியாக,
அதே மெட்டை அப்பன் எழுதினார்.
மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தது.
திருடன், என்றது ஒரு பெண்குரல்.
ஐந்தாம் சுருளில் அவர் கை நீட்டி
'என் ரத்தம்' என்று சொன்னபோது
கடித்த ஆப்பிள் ஒன்று அவர் நெற்றியில் பட்டுத்
திரையில் ஈரம் விட்டது.
மூன்றாம் வரிசையில் மருந்துக்கடை ஸ்க்ரிவானெக்,
பக்கத்தில் மீசை அரும்பிய மகன்.
பையன் எழுந்து போனான்.
அவர் தொப்பியை மடியில் சுழற்றிக்கொண்டிருந்தார்,
ஏதோ அளவு பார்ப்பதுபோல.

மறுநாள் சுருள்கள் முறைப்படி.
மெட்டை நான் மாற்றவில்லை;
ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியாது.
அப்பன் எழுதினார், மகன் வாசித்தான்,
இப்போது திருடன் மகன்.
'என் ரத்தம்' என்றது பையனை அல்ல, பாட்டை.
நேற்றுப் பார்த்தவர்களும் இன்று பார்த்தவர்களும்
பாலத்தடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி.

ஸ்க்ரிவானெக் அன்று தனியாக வந்திருந்தார்.
விளக்கு போட்டதும் நேரே என்னிடம்:
எது சரி, அம்மா? நேற்றா, இன்றா?

படத்தில் திருட்டே இல்லை, ஐயா.
எடுத்தவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.
அங்கே இரண்டு பேர், இரண்டு பாட்டு,
ஒருவர் முகத்துக்கு நேரே மற்றவர்
நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாய் வராமல்
ஐந்து சுருள் நீளம்.

இதைச் சொல்லியிருக்கலாம்.
மேல் கட்டை ஒன்று எழுவதில்லை, என்றேன்.
அவர் குனிந்தார்.
பையிலிருந்து தூள் அளக்கும் சிறு கரண்டியை எடுத்து
மெல்ல நெம்பினார்.
காலி மண்டபத்தில் ஒரு சுரம்.
நேற்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை,
என்றார் கட்டையிடம்.

காலையில் வாவ்ரா, கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு,
சுருள்களைச் சறுக்குவண்டியில் நிலையத்துக்கு இழுத்துப் போனான்.
அடுத்து ப்ரெரோவ்.
அங்கே பியானோவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்;
எண்பது மெட்டு தெரியும் அவருக்கு என்பார்கள்.
அங்கே அவர்கள் இருவரும்
குற்றமற்றவர்கள்.